பாட்டு வாழ்கிறது, பாடியவள் பெயர் எங்கே?

நாட்டுப்பாடல் என்றதும் நம் நாட்டு மேதாவிகள் மெய்சிலிர்த்து நிற்பர். இயற்கை அன்னையின் மழலை என்பர். மலையருவி போலத் தானே பிறந்தது, காட்டுப்பூப் போலத் தானே மலர்ந்தது என்பர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பகுத்தறிவாளன் ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. அருவிக்குத் தாய் மலை. பூவுக்குத் தாய் செடி. பாட்டுக்குத் தாய் யார்?

முகில் மழையைத் தரும், பாட்டைத் தராது. மண் மணியைத் தரும், மெட்டைத் தராது. பாட்டைத் தந்தவள், சேற்றில் குனிந்து நாற்று நட்டவள். விடியுமுன் எழுந்து திரிகைக்கல் சுழற்றியவள். இறந்த கணவனின் உடலருகே அமர்ந்து, அன்று முதல் தனக்கு என்னென்ன மறுக்கப்படும் என்பதை ஒப்பாரியாக அடுக்கியவள். அவளுக்கு ஊர் உண்டு, பெயர் உண்டு, பட்ட பாடு உண்டு. 'இயற்கையின் குழந்தை' என்ற புகழ்மொழி, அந்தப் பெயரின் மீது போர்த்தப்படும் பட்டுத்துணி. துணி பட்டாக இருப்பதால் மறைப்பு மறைப்பல்லாமல் போய்விடுமா?

இந்தக் கேள்வியை எழுப்புவதற்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் ஏற்ற இடங்கள். ஓசூர் என்ற பெயரிலேயே கன்னடம் ஒலிக்கிறது. புதிய ஊர் என்பது அதன் பொருள். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் இந்த வட்டம் சென்னை மாநிலத்தில் நின்றது. சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் பிரிந்த தருமபுரியோடு சேர்ந்தது. 2004இல் அதிலிருந்தும் பிரிந்து கிருஷ்ணகிரி மாவட்டம் ஆயிற்று. கோட்டை வரைபடத்தில் போட்டுவிடலாம். குரலில் போட முடியுமா? கேழ்வரகுக் கொல்லையில் களை எடுப்பவள் தெலுங்கில் தொடங்குவாள், பக்கத்து வரிசைக்காரி கன்னடத்தில் ஏற்பாள், மூன்றாமவள் தமிழில் முடிப்பாள். தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் இருளர் மொழி ஒலிக்கும். தண்டாக்களில் லம்பாடி மொழி ஒலிக்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பத்து மொழிகள் என்று கால்டுவெல் 1856இல் இலக்கணம் எழுதி நிறுவினார். அந்த ஏட்டைக் கண்ணால் பாராத உழத்தி, அதே உண்மையைக் களத்துமேட்டில் பாடிக் காட்டினாள்!

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அடுத்த பத்தாண்டுகளில் லாரியும், மொபெட்டும், கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் வந்தன. ஓசூர் 2019இல் மாநகராட்சியாகவும் ஆயிற்று. ஆலை வந்ததை நாம் பழிக்கவில்லை, வரவேற்கிறோம். ஏற்றம் இறைத்து எலும்பு தேய்ந்தவனுக்கு மின்விசைப் பம்பு விடுதலை அல்லவா? திரிகை சுழற்றித் தோள் வீங்கியவளுக்கு மாவரைக்கும் ஆலை ஓய்வு அல்லவா? உழைப்பின் கொடுமை தொலைந்தது நன்று. ஆனால் ஏற்றம் போனபோது ஏற்றப்பாட்டும் போயிற்று. திரிகை போனபோது திரிகைப்பாட்டும் போயிற்று. வேலை போனால் பாட்டு போகும் என்பதே, பாட்டைப் பெற்றது இயற்கையன்று, உழைப்பு என்பதற்குச் சான்று. மழை இன்னமும் பெய்கிறது. காடு இன்னமும் நிற்கிறது. பாட்டு மட்டும் குறைந்துகொண்டே வருகிறது.

போனது போகட்டும், பாடியவர் பெயராவது நின்றதா? இங்கேதான் வரலாறு நம்மைத் தலைகுனிய வைக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் ஆகிய பகுதிகள் நடுகற்களின் நாடு. ஆநிரை கவர்ந்தோரை எதிர்த்து மாண்டவனுக்கும், ஊரைக் காத்து வீழ்ந்தவனுக்கும் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் பொறித்து வைத்தது இந்த மண். செங்கம் பக்கத்து எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. ஏழாம் நூற்றாண்டுக் கல். அதிலே வீரனின் பெயர் இருக்கிறது. வீரனோடு நின்று, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்த ஒரு நாயின் பெயரும் இருக்கிறது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பெயர் அழியவில்லை!

நன்றி மறவாத நாடு என்று பெருமை கொள்வோம்; கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நாய்க்கும் பெயர் பொறித்த நாடு, பாடியவளுக்கு ஏன் பொறிக்கவில்லை? அவள் ஊரைக் காக்கவில்லையா? ஊரின் நினைவையே காத்தாளே!

ஏட்டுக்கு வருவோம். 1871இல் சார்லஸ் கோவர் என்ற ஆங்கிலேயர், தென்னிந்திய நாட்டுப் பாடல்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். கன்னடம், படகம், குடகு, தமிழ், தெலுங்கு என்று பல மொழிப் பாட்டுகளுக்கும் அதில் இடம் தந்தார். பண்டிதர் மதிக்காததை அயலார் ஒருவர் மதித்தார்; அதற்கு நன்றி. பின்னர் பெர்சி மாக்வீன் என்ற ஆங்கில அதிகாரி ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த பாடல்கள், கி. வா. ஜகந்நாதன் பதிப்பில் 'மலையருவி' என்ற பெயரோடு 1958இல் தஞ்சை சரசுவதி மகால் வெளியீடாக வந்தன. 1964இல் நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' வந்தது. பாட்டை வெறும் அழகுப் பொருளாகப் பாராமல், உழைப்பவனின் வரலாற்றுச் சான்றாகப் பார்த்த நூல் அது. பாட்டின் அடியில் சேகரித்தவர் பெயர் உண்டு, இடத்தின் பெயர் உண்டு, வட்டார வழக்குக்கு விளக்கமும் உண்டு.

இந்தப் பெரியோர்களின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் தேடியிராவிட்டால் அந்தப் பாட்டுகளும் மண்ணோடு மண்ணாகியிருக்கும். ஆனால் ஏட்டுலகில் ஊறிப்போன ஒரு வழக்கத்தைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. முகப்பில் தொகுத்தவர் பெயர். அடியில் சேகரித்தவர் பெயர். பாடித் தந்தவர் மட்டும் 'மக்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் கரைந்துபோவார். மக்கள் பாடினர் என்று சொல்வது உயர்வுதான். ஆனால் கோயிலைக் கட்டியவன் அரசன் என்று பெயரோடு எழுதுகிற வரலாறு, பாட்டைக் கட்டியவர் மக்கள் என்று பெயரில்லாமல் எழுதும்போது, இரண்டுக்கும் ஒரே நீதியா?

ஏடு மறைத்த பெயரை இசைத்தட்டு காட்டியதா? காட்டக்கூடிய கருவிதான் அது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காரர் கெய்ஸ்பர்க் பதிவு செய்த பாடகி கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரை உரக்கச் சொல்வார். மெழுகுத் தட்டை ஜெர்மனியிலுள்ள ஆனோவருக்கு அனுப்பி அச்சிட வேண்டும். அங்குள்ள தொழிலாளிக்குப் பாடியவர் யாரென்று தெரிய வேண்டும். அதற்காகவே அந்த ஏற்பாடு. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்! நாட்டியக்காரி என்று உயர்குலத்தார் ஒதுக்கிய ஒரு பெண்ணின் பெயர், அவள் வாயாலேயே ஒலித்து, தட்டில் பதிந்து, நாடெங்கும் சென்றது.

தமிழ்நாட்டிலும் தட்டுகள் வந்தன. நாடக மேடைப் பாட்டும் கருநாடக இசையும் தட்டில் ஏறின. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றி, தமிழன் மேடையில் தமிழில் பாடு என்று முழங்கியது. அந்த முழக்கத்தின் நியாயத்தை யார் மறுப்பர்? ஆயினும் தமிழில் பக்திப்பாட்டைப் பாடுவதோடு நின்றுவிட்டால் போதாது என்று பெரியார் அன்றே எச்சரித்தார். தேவாரம் மேடையேறியது, நடவுப்பாட்டு வரப்பிலேயே நின்றது. வீணை உள்ளே வந்தது; பறை வாசலிலேயே நின்றது. 1949க்குப் பின் நம் கழக மேடைகளில் நாகூர் அனிபாவின் குரல் தட்டுகளாகச் சுழன்று, படிக்கத் தெரியாதவனுக்கும் கொள்கை சொன்னது. எளியோர் செவிக்கு இசைத்தட்டால் செல்ல முடியும் என்பதை அது காட்டிற்று. எளியோரின் சொந்தப் பாட்டு தட்டில் ஏறுவதற்கு இன்னும் காலம் பிடித்தது.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள குறையா? கடல் கடந்து பாருங்கள். அமெரிக்காவில் உடி கத்ரி என்ற நாட்டுப் பாடகன். ஓக்லகோமாக்காரன். 1930களில் புழுதிப் புயல் வயல்களை மூடியது. கடனில் நிலம் பறிபோனது. ஆயிரமாயிரம் உழவர் கலிபோர்னியா நோக்கி ஓடினர். பழைய நாட்டு மெட்டுகளை எடுத்து, அந்த ஓட்டத்தின் கதையை அதிலே வைத்துப் பாடினான். 1940இல் விக்டர் கம்பெனி வெளியிட்ட அவனது முதல் இசைத்தட்டுத் தொகுதி, புழுதிப் பாலை பற்றியது. அதில் இயற்கை இருக்கிறது. ஆனால் வேடிக்கை பார்க்கும் இயற்கையன்று. புயலுக்குப் பக்கத்தில் கடன்காரனும் நிற்கிறான். பசிக்குப் பக்கத்தில் அதை விளைவித்தவனும் நிற்கிறான்.

அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் நடந்தது மறுபக்கம். சாலமன் லிண்டா என்ற சூலுப் பாடகர், ஜோகன்னஸ்பர்க்கில் 1939இல் 'ம்புபே' என்ற பாட்டைத் தட்டில் பாடினார். ம்புபே என்றால் சிங்கம். பத்து ஷில்லிங்குக்கு உரிமை போயிற்று. அந்த மெட்டு 1961இல் அமெரிக்காவில் வேறு பெயரோடு புகழ்பெற்று, பின்னர் உலகமெங்கும் பொன்னாகக் கொழித்தது. லிண்டா 1962இல் வறுமையில் மாண்டார். வழக்கு நடத்தி, அவருடைய மக்களுக்கு உடன்பாடு கிடைத்தது 2006இல்! காட்டுச் சிங்கம் உலகெங்கும் கர்ச்சித்தது. அதைப் பாடியவரின் குடிசையில் அடுப்பு எரியவில்லை. 'இது நாட்டுப்பாட்டு, யாருடையதும் அன்று' என்ற சொல் எவ்வளவு வசதியான சொல், யாருக்கு வசதியான சொல் என்பது இப்போது விளங்குகிறதா?

தமிழ்நாட்டில் திருப்பம் ஒலிநாடா வடிவில் வந்தது. தட்டு அச்சிடப் பெரிய கம்பெனி வேண்டும். நாடாவில் பதிய அவ்வளவு பெரிய முதல் வேண்டியதில்லை. சிவகங்கைச் சீமையில் இளையான்குடியை அடுத்த மாரந்தையில் 1955இல் பிறந்த கே. ஏ. குணசேகரன், ஒடுக்கப்பட்ட குடியிலிருந்து எழுந்து, பாடகராகவும் பேராசிரியராகவும் நாடகாசிரியராகவும் வளர்ந்தார். 'தன்னானே' என்ற கலைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்றார். கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை மேடைதோறும் முழங்கினார். அது ஒலிநாடாவாகச் சேரிதோறும் சென்றது. 2005இல் தன் வாழ்வை 'வடு' என்ற நூலாக எழுதினார். பாட்டைத் தருபவன் ஒருவன், அதை ஆராய்பவன் வேறொருவன் என்றிருந்த பழைய ஏற்பாட்டை அவர் உடைத்தார். பாடியவரே ஆய்ந்தார், ஆய்ந்தவரே பாடினார். 2016இல் அவர் மறைந்தபோது, பெயர் மறைந்து போகாத நாட்டுப் பாடகர் ஒருவர் மறைந்தார் என்று சொல்லக்கூடிய நிலை வந்திருந்தது.

இங்கே நாம் ஓர் எச்சரிக்கையும் செய்ய வேண்டும். நாட்டுக் கலையைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே, பறையடித்தவன் மகன் பறையடிக்கட்டும், கூத்தாடியவன் மகன் கூத்தாடட்டும் என்று உபதேசிப்போர் உண்டு. இந்தக் குரல் நமக்குப் புதிதன்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராசகோபாலாச்சாரியார், முதலமைச்சராக இருந்து 1953இல் கொண்டுவந்த திட்டம் நினைவிருக்கிறதல்லவா? பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் தகப்பன் தொழில்! குலக்கல்வி என்று பெயர் சூட்டிப் போராடினோம். 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. முன்வாசலில் விரட்டிய குலக்கல்வி, கலை என்ற பெயரோடு கொல்லைப்புறம் நுழைய விடலாமா?

சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று ஒடுக்கப்பட்டோர் மறுத்ததும் விடுதலைதான்; பின்னர் அதே பறையைத் தன் விருப்பால் தோளில் ஏற்றி, தன் உரிமைக்கு முழக்கியதும் விடுதலைதான். கட்டளைக்கு அடித்தால் அடிமைத்தனம். விருப்பத்துக்கு அடித்தால் கலை. மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதை அந்தக் கண்ணோடுதான் நாம் காண்கிறோம். தோலிலே தீட்டு இல்லை. தோலைத் தீட்டென்ற மூளையிலேதான் தீட்டு இருந்தது.

பெயரைப் பற்றிய கதைக்கு ஒரு புதிய அத்தியாயம் அண்மையில் எழுதப்பட்டது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் நாட்டுப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. தோட்டம் அவர்கள் கையால் பசுமையாயிற்று. ஆனால் ஒருபிடி மண் அவர்களுக்குச் சொந்தமில்லை. அப்படி அங்கே உழைத்துத் திரும்பியவர்களுள் ஒருவர் வள்ளியம்மாள். அவருடைய பேரன் பாடகர் அறிவு. பாட்டி சொன்ன கதையும் ஒப்பாரி மரபும் கலந்து 2021இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் கேட்கப்பட்டது. ஏரி, குளம், பறவை, மரம் என்று இயற்கை முழுவதும் அதில் வருகிறது. நிலம் இல்லாதவன் நிலத்தைப் பாடும் ஏக்கமும் அதோடு வருகிறது. அந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வியும் பின்னர் பொதுவெளியில் எழுந்தது. எழட்டும்! நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அந்தக் கேள்வி எழுந்தே இராது.

2024இல் அறிவு தம் தொகுப்பை வெளியிட்டபோது, அதற்கு இட்ட பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. மன்னன் பெயரன்று, கடவுள் பெயரன்று, கம்பெனி பெயரன்று. தோட்டத்தில் கொழுந்து பறித்த ஒரு கிழவியின் பெயர் முகப்பில் நிற்கிறது. பேரன் தன்னைப் பாட்டியைக் கொண்டு அறிமுகம் செய்துகொள்கிறான். எடுத்தனூரில் கல்லிலே நடந்தது, இங்கே ஒலியிலே நடந்திருக்கிறது.

அறிவுக்குப் பாட்டி வீட்டிலேயே இருந்தார். ஓசூர் வட்டத்துப் பாட்டிகளுக்கு யார் இருக்கிறார்கள்? ஆலையிலே இரவுமுறை வேலை முடித்து வரும் பேரனும் பேத்தியும் இருக்கிறார்கள். தோழர்களே, அந்தப் பேரப்பிள்ளைகள் நீங்கள்தாம்!

உங்கள் கையிலுள்ள கைப்பேசி, கெய்ஸ்பர்க் பெட்டி பெட்டியாகச் சுமந்து வந்த கருவியைவிட வல்லமை உடையது. ஊருக்குச் செல்லும் விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாடச் சொல்லுங்கள், ஆனால் பாட்டை மட்டும் பதியாதீர்கள். பாடியவர் தம் வாயால் தம் பெயரைச் சொல்லட்டும், ஊரைச் சொல்லட்டும், யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடினார், எந்த ஆண்டு வரை அந்த வேலை இருந்தது என்பதைச் சொல்லட்டும். தெலுங்கானால் தெலுங்கு, கன்னடமானால் கன்னடம், இருளர் மொழியானால் இருளர் மொழி. தமிழாக்கித் திருத்த வேண்டாம். பிறமொழி நம் மீது திணிக்கப்படுவதை எதிர்த்த நாம், நம் மொழியைப் பிறர் வாயில் திணிப்போமா? வெளியிடுமுன் அவரது இசைவைக் கேளுங்கள்.

சட்டமும் துணை நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம், பாடுவோர்க்கும் ஆடுவோர்க்கும் தம் நிகழ்ச்சியின் மீது உரிமை வழங்கியது. பழம்பாட்டு எவர் ஒருவருக்கும் சொத்தாகாது என்றாலும், அதைப் பாடிய குரலுக்கு உரிமையாளர் உண்டு. படம் எடுப்போரும் தொகுப்பு வெளியிடுவோரும் வந்து, 'ஒரு பாட்டுப் பாடு பாட்டி' என்று பதிந்து செல்லும்போது, 'பெயர் போடுவீர்களா, பங்கு தருவீர்களா?' என்று கேட்க ஓர் இளைஞன் பக்கத்தில் நின்றால் போதும். லிண்டாவின் பக்கத்தில் 1939இல் அப்படி ஒருவர் நின்றிருந்தால்?

கிடைப்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போற்றவும் வேண்டாம். ஆண் பிள்ளையை மட்டும் சீராட்டும் தாலாட்டு உண்டு. சாதிப் படிக்கட்டைச் சரியென்று ஒப்பும் கதைப்பாட்டு உண்டு. அம்மைக்கு மருந்தை மறுத்து ஆத்தாளை அழைக்கும் பாட்டு உண்டு. அவற்றையும் பதியுங்கள், சான்றாகப் பதியுங்கள், சாத்திரமாக அன்று. நோய் இருந்ததை மறைத்தால் நலம் வந்ததை எப்படி நிறுவுவோம்? நேற்றைய மூடநம்பிக்கையின் சுவடும், அதையும் மீறி எழுந்த உழத்தியின் எள்ளலும் ஒரே பாட்டில் கிடக்கும். பிரித்தறிவது நம் கடமை. எரித்துவிடுவது நம் வேலையன்று.

ஓசூர்ப் பக்கத்து நாட்டுப் பாடகி ஒருத்தியின் முதல் தொகுப்பு வெளிவரும் நாள் வரும். காடும் மலையும், தென்பெண்ணையும் கேழ்வரகுக் கதிரும் அதிலே இருக்கும். ஆலைச் சங்கும் இருக்கும். இயற்கையின் எழில் என்று விமர்சகர்கள் எழுதுவார்கள், எழுதட்டும். நாம் முதலில் தேடுவது முகப்பிலே ஒரு பெயரை. அது தொகுத்தவரின் பெயராக இருந்தால் போதாது. பாடியவளின் பெயராக இருக்க வேண்டும். காவல் காத்த நாய்க்குக் கல்லிலே இடம் தந்த மண், நினைவைக் காத்த மனிதர்க்கு இடம் தரட்டும்!